சேர் கரும்பலகையில் வரைந்த வளைவு

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கம் வெளியிடும் மலருக்குக் கல்லூரி நினைவு ஒன்று எழுதித் தரும்படி சுவிஸ் கிளைச் செயலாளர் கேட்டிருந்தார். துடுப்பாட்டம், பரிசளிப்பு விழா, சிற்றுண்டிச்சாலைக் கதைகளை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் சல்கினாடோபெல் என்ற ஒரு பாலத்தைப் பற்றி எழுதுகிறேன். அது சுவிசில் கிரவுபுண்டன் மாநிலத்து மலையிடுக்கில் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் உயர்தர வகுப்பின் பிரயோக கணிதப் பாடம்தான் நினைவுக்கு வருகிறது.

யாழ்ப்பாணத்தில் நமக்கு மலையும் இல்லை, மாரியில் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் ஆறும் இல்லை. பாலம் என்றால் பண்ணைப் பாலம்தான். ஆனாலும் கணிதம் படிப்பித்த சேர் எங்களுக்கு வளைவுகளைப் பற்றிச் சொல்லித் தந்தார். நிலையியலில், அதாவது அசையாமல் நிற்பவற்றின் விசைக் கணக்கில், ஒப்பமாக (உராய்வில்லாமல்) மூட்டிய கோல்கள் வரும். விசைகளுக்கு இடைப்பட்ட வெளிகளுக்கு எழுத்திட்டு, போ என்ற பொறியியலாளரின் குறிப்பீட்டின்படி, விசைகளை அளவுக்கேற்ற கோடுகளாகக் காட்டும் தகைப்பு வரிப்படம் வரையவேண்டும். பெரிய மர மூலைமட்டத்தைக் கரும்பலகையில் அழுத்திப் பிடித்து, விசைகளைச் சிவப்புச் சோக்கால் கீறுவார். கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியில் வந்து சேராவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். "படம் மூடேல்லை எண்டால் உன்ர பாலம் விழும். விளங்குதோ?" என்பார். பரீட்சைக்காகத்தான் படித்தோம். ஆனால் அந்தப் படம் மூடுகிற நேரத்தில் வரும் சந்தோசம் பரீட்சைக்கு அப்பாற்பட்டது.

பல்கலைக்கழகம் எனக்கு வாய்க்கவில்லை. நாட்டு நிலைமை தெரிந்ததுதானே. இங்கே வந்து உணவகச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். உடைமாற்றும் அறைச் சுவரில் ஒரு பாலத்தின் கறுப்பு வெள்ளைப் படம் தொங்கியது. இரண்டு பாறைச் சரிவுகளுக்கு நடுவே, கீழே ஒன்றுமே இல்லாத வெளியில், ஒரு வெள்ளை வளைவு. இரு முனைகளிலும் உச்சியிலும் அது மெலிந்திருந்தது. இடையில் இருபுறமும் தடித்திருந்தது. உச்சியில் ஒரு மூட்டு, கால்களில் இரண்டு. மூட்டில் வளைக்கும் திருப்பம் (பாரம் வளைக்கப் பார்க்கும் அளவு) பூச்சியம் என்பது நமக்கு முதல் பாடம். ஒரு பாதியில் மட்டும் பாரம் ஏறினால் திருப்பம் கூடுவது கால்பங்குப் புள்ளிகளில். எங்கே திருப்பம் கூடுகிறதோ அங்கே கொங்கிறீட்டைத் தடிப்பாக்கி, எங்கே இல்லையோ அங்கே குறைத்திருந்தார்கள். சேர் வரைந்த படத்தை யாரோ மலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது.

அதுதான் சல்கினாடோபெல் பாலம். பிரெட்டிகாவ் பள்ளத்தாக்கில் ஷியர்ஸ் என்ற ஊரிலிருந்து, மலையில் தனித்துக் கிடக்கும் ஷூடர்ஸ் கிராமத்துக்குப் பாதை போட இது தேவைப்பட்டது. 1928இல் நடந்த போட்டிக்கு 19 வடிவமைப்புகள் வந்தன. அவற்றில் மிகக் குறைந்த செலவுடையது சுவிஸ் பொறியியலாளர் ரொபேர்ட் மையார் வரைந்து, பிராடர் நிறுவனம் கட்டித் தருவதாகச் சொன்னது. வளைவின் அகலவீச்சு (காலுக்குக் கால் தூரம்) 90 மீற்றர், காலிலிருந்து உச்சிக்கு உயரம் 13 மீற்றர் மட்டுமே. கீழே நீரோடை கிட்டத்தட்ட 90 மீற்றர் ஆழத்தில். 1930 ஓகஸ்டில் திறந்தார்கள்.

அந்த எண்களை நம் பாடத்தில் போட்டுப் பாருங்கள். சீரான பாரம் என்று வைத்துக்கொண்டால், பாறைக்குள் போகும் கிடை விசை, பாறை மேல்நோக்கித் தாங்கும் செங்குத்து மறுதாக்கத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. வளைவு தட்டையாக இருக்க இருக்க அது பக்கவாட்டில் உந்துவது கூடும். அந்த உந்தலைத் தாங்கத்தான் இருபுறமும் மலை இருக்கிறது. மூன்று மூட்டுகள் இருப்பதால் தெரியாத விசைகள் எல்லாவற்றையும் சமநிலைச் சமன்பாடுகளாலேயே கண்டுபிடித்துவிடலாம். கோடை வெயிலில் கொங்கிறீட் விரிந்தால் உச்சி சற்று உயரும், குளிரில் சற்று இறங்கும். வளைவுக்குள் அதனால் தகைப்பு ஏறாது.

மையார் வரைந்துதான் கணித்தார். சூரிச் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் அவருக்கு வில்ஹெல்ம் ரிட்டர் ஆசிரியர். ரிட்டருக்கு முன் அதே இடத்தில் இருந்தவர் கார்ல் குல்மான். விசைகளைக் கோடுகளாக வரைந்து விடை காணும் முறையை வளர்த்தெடுத்தவர்கள் இவர்கள். ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் போ 1873இல் தந்த குறிப்பீடும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சூரிச்சில் மையார் கற்றதும் யாழ்ப்பாணத்தில் நாங்கள் கற்றதும் ஒரே வித்தை. இது எனக்குத் தெரியவந்த அன்று, சேரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மையார் இந்த வடிவத்துக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1901இல் சூஓஸ் என்ற ஊரில் அவர் கட்டிய பாலத்தின் பக்கச் சுவர்களில், கரையோரமாக வெடிப்புகள் விழுந்தன. அவர் அதைப் பார்த்து, அந்தப் பகுதிக் கொங்கிறீட் வேலை செய்யவே இல்லை என்று புரிந்துகொண்டார். 1905இல் தவனாசாவில் அடுத்த பாலத்தைக் கட்டியபோது அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார். 1927இல் மண்சரிவு அந்தப் பாலத்தைக் கொண்டுபோனது. அதன் அடுத்த வருடமே சல்கினாடோபெல் போட்டி. இதற்கிடையே ரஷ்யாவில் இருந்த மையார், அங்கு நடந்த புரட்சியில் சொத்தெல்லாம் இழந்தார். மனைவியும் 1916இல் அங்கே இறந்துபோனார். பிள்ளைகளோடு வெறுங்கையாய் சுவிசுக்குத் திரும்பினார். அகதியாய் வந்து இறங்கிய நமக்கு அந்தப் பகுதியை வாசித்துவிட்டுக் கடந்துபோக முடியாது. அவருடைய மிகச் சிறந்த பாலங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

கொங்கிறீட் இறுகும்வரை வளைவைத் தாங்கிய சாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த ஆழத்துக்கு மேலே மரச் சாரம் கட்டியவர் ரிச்சார்ட் கொராய், அதே மாநிலத்துக்காரர். விசிறிபோல் விரிந்த அந்தச் சாரத்தின் பழைய படங்கள் பாலத்துக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. மையார் முதலில் வளைவின் மெல்லிய அடித்தட்டை மட்டும் வார்க்கச் செய்தார். அது இறுகிய பிறகு, மேலே வரும் சுவர்களின் பாரத்தில் பெரும்பங்கை அந்தத் தட்டே சுமந்தது. அதனால் சாரம் அவ்வளவு பலமாக இருக்கத் தேவைப்படவில்லை, செலவும் இறங்கியது. சேர் இதைக் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாக்கி அடுத்த தவணைப் பரீட்சையில் போட்டிருப்பார்.

1991இல் அமெரிக்கக் குடிசார் பொறியியலாளர் சங்கம் இதைச் சர்வதேச வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 90களின் இறுதியில் பழுதுபார்த்தார்கள். தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் பூச்சு முதலில் இருக்கவில்லை. மற்றப்படி வளைவு அப்படியே நிற்கிறது.

சங்கத்தின் கோடைச் சுற்றுலாவுக்கு இடம் தேடுகிறவர்கள் இதை யோசிக்கலாம். லண்ட்குவார்ட்டில் ரயில் மாறி ஷியர்ஸில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஏற்றம் கடுமை, வயதானவர்களைக் காரில் கூட்டிப்போங்கள். பாலத்தின் மேலே நின்றால் வெறும் தெருதான். கீழே இறங்கிப் பார்க்கும் இடத்துக்குப் போனால்தான் வளைவு தெரியும். ஜிம்னாசியத்தில் (இங்குள்ள உயர்நிலைப் பள்ளியில்) படிக்கும் பிள்ளைகள் ஒரு தாளும் அடிமட்டமும் கொண்டு வரட்டும், நான் கூட இருந்து வரைந்து காட்டுகிறேன். தெரு 3.5 மீற்றர்தான் அகலம், எதிரே வாகனம் வந்தால் ஒருவர் காத்திருக்க வேண்டும்.