சரணம் எதுக்குன்னு கேக்குறாங்க

வடபழனி பக்கம் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோல சவுண்ட் இன்ஜினியரா ரொம்ப வருஷமா இருக்கேன். பாட்டு வியாபாரமாயிடுச்சு அதான் ஆழம் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல. சினிமா பாட்டு என்னைக்குங்க வியாபாரம் இல்லாம இருந்துச்சு? 78 ஆர்பிஎம் இசைத்தட்டு காலத்துல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும், பாட்டோட நீளத்தையே அந்தத் தட்டுதான் முடிவு பண்ணுச்சு, ஆனா அதுக்குள்ளயே பல்லவி, சரணம், இடையிசைன்னு எல்லாத்தையும் கொண்டு வந்தாங்க. கம்ப்யூட்டர் மேலயும் பழி போட முடியாது, 1992ல ரோஜா பாட்டெல்லாம் சிந்தசைசர் சத்தத்தோடதானே வந்துச்சு, யாருக்காவது ஆழம் கம்மியா தெரிஞ்சுதா?

இப்ப மாறினது வேற. ஸ்பாட்டிஃபைல 30 செகண்ட் ஓடினாதான் ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு, அதனால எடுத்த எடுப்புல வாய்ஸ் வரணும், ரீல்ஸுக்கு ஒரு ஹூக் வேணும், அதாவது கேட்டதும் மனசுல ஒட்டிக்கிற ஒரு துண்டு, மீதிய பத்தி யாரும் கேக்குறதே இல்ல.

சமீபத்துல ஒரு மெலடி. ரெண்டாவது இன்டர்லூடுக்கு, அதான் இடையிசைக்கு, வயலின் செக்ஷன லைவா கூப்ட்டிருந்தாங்க, இப்பல்லாம் அதுவே அபூர்வம். காதுல தாளம் காட்டுற க்ளிக் சத்தம் ஓடுது, எல்லாரும் நொட்டேஷன்ல பென்சிலால அப், டவுன்னு வில்லுக்கு குறி போட்டுக்கிறாங்க, ஒருத்தர் வில் மட்டும் எதிர்ப்பக்கம் போனா அந்த ஃப்ரேஸோட மூச்சே மாறிடும். ஒரு டேக்குல கடைசி ஸ்வரத்த எல்லாருமே கொஞ்சம் தாமதமா விட்டாங்க, யாரும் சொல்லிக் குடுத்து வந்தது இல்ல அது, இசையமைப்பாளர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எழுந்தே நின்னுட்டார். கம்ப்யூட்டர்ல முன்னாடியே பதிஞ்சு வச்ச வாத்திய சத்தம் இருக்குற சாம்பிள் லைப்ரரில எத்தன நாள் உக்காந்தாலும் என்னால அத கொண்டு வர முடியாது.

பாட்டு வெளிவந்தப்ப அந்த இன்டர்லூடும் இல்ல, அதுக்கப்புறம் வர்ற சரணமும் இல்ல. பாட்ட வெளியிடுற லேபிள்ல இருந்து வந்தவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "ஹூக்தான் ரெண்டு தடவ வந்துடுச்சே, சரணம் எதுக்கு?" அந்த சரணத்துலதான் பாட்டுல வர்ற பொண்ணு ஊர விட்டுப் போற காரணமே வருது. அது இல்லாம பல்லவி வெறும் கொஞ்சலாதான் கேக்குது.

கேக்குறவங்களுக்குப் பொறுமை இல்லன்னு சொல்றத நான் ஒத்துக்கவே மாட்டேன், இளையராஜா கச்சேரில இன்டர்லூட சேர்ந்து முணுமுணுக்கிற காலேஜ் பசங்கள நானே பாத்திருக்கேன். ஹூக் வெர்ஷன் தாராளமா போடுங்க, கூடவே முழுப் பாட்டையும் போடுங்க, வாசிச்சவங்களுக்குக் காசு குடுத்தாச்சு, மிக்ஸும் ரெடியா இருக்கு, புதுசா ஒரு செலவும் இல்ல.