அப்பாவின் கட்டடத் தொழில் என் பொறுப்புக்கு வந்தபோது

அப்பா நடத்தியது புரொப்ரைட்டர் தொழில். போர்டில் கம்பெனி பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சட்டத்தின் கணக்கில் அது அப்பா ஒருவர்தான். மாசி மாதம் அவர் மாரடைப்பில் போனதும் ஜிஎஸ்டி, கரண்ட் அக்கவுண்ட், ஒப்பந்ததாரர் பதிவு எல்லாம் அவருடைய பான் எண்ணோடு நின்றுபோயின. மன்னார்குடியிலும் திருத்துறைப்பூண்டிப் பக்கமும் பாதியில் இருந்த வீட்டு வேலைகள் நிற்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கூலிக்கு ஆட்கள் வருவதும் நிற்கவில்லை. டெல்டாவில் அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோ மட்டும் ஓடும் கட்டடத் தொழில்கள் நிறைய. பல வீடுகளில் கணக்குப் பார்ப்பது பெண்கள்தான், ஆனால் ஒரு காகிதத்திலும் அவர்கள் பெயர் இருக்காது. அவர்களுக்காகத்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

இறப்புச் சான்று வந்தவுடன் வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். விஏஓவும் ஆர்ஐயும் விசாரித்த பிறகு தாசில்தார் தருவது அது. அம்மா, நான், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி என்று மூன்று வாரிசுகள். இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவரும் முதல் நிலை வாரிசு, அவரை விட்டுவிடக் கூடாது. எங்கள் பாட்டி முன்பே காலமாகிவிட்டார். காரியம் முடிந்த மறுநாளே பெரியப்பா, "தம்பி வர்ற வரைக்கும் மேஸ்திரி பாத்துக்கட்டும், கட்டிக்கொடுத்த பொண்ணு சைட்டுல நின்னா நல்லாவா இருக்கும்?" என்றார். போனில் இருந்த தம்பிதான் பதில் சொன்னான்: "பில்லு, கூலி, கம்பிக் கணக்கு எல்லாம் இத்தனை வருசமா அக்காதான் போட்டிருக்கு பெரியப்பா. அதுவே நடத்தட்டும்." அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய பலம்.

என் பெயரில் இன்னொரு புரொப்ரைட்டர் தொழிலாகவே மாற்றியிருக்கலாம், அது சுலபமும்கூட. ஆனால் ஒருவரோடு எல்லாம் முடிந்துபோகும் நிலை எங்கள் வீட்டில் மறுபடி வரக் கூடாது என்று பார்ட்னர்ஷிப்பாக்கினோம். ஆடிட்டர் சொல்லிக்கொடுத்த இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. 1932 ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் ஒரு பங்குதாரர் இறந்ததும் ஃபர்ம் கலைந்துவிடும். 'மற்றவர்கள் தொடர்ந்து நடத்தலாம்' என்ற ஷரத்து கட்டாயம் வேண்டும். இரண்டே பேர் இருந்து ஒருவர் போனால் அந்த ஷரத்தும் காப்பாற்றாது, அதனால் மூவரும் பங்குதாரர் ஆனோம். இரண்டாவது, ஃபர்மைப் பதிவு செய்வது. பதிவில்லாத ஃபர்ம், பணம் தராத வாடிக்கையாளர் மேல் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. கட்டடத் தொழிலில் கடைசித் தவணை எப்படி இழுக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

தம்பி ஊருக்கு வர முடியாததால் அம்மா பெயருக்குப் பவர் எழுதினான். சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினான். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தபால் உறையைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தோம்.

ஜிஎஸ்டியில்தான் வரிசை முக்கியம். பொருள் வாங்கும்போது கட்டிய வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வரவு வைக்கும் கணக்குதான் கிரெடிட் லெட்ஜர். அப்பாவுடையதில் நல்ல தொகை இருந்தது. அப்போது சிமென்ட்டுக்கு வரி 28 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல்தான் 18), நாங்கள் பில் போடுவதோ 18 சதவீதத்தில். அதனால் கிரெடிட் சேர்ந்துகொண்டே வந்திருந்தது. அதைப் புது ஃபர்முக்குக் கொண்டுவர முதலில் புதுப் பதிவு வாங்க வேண்டும். பிறகு பழைய பதிவிலிருந்து, கிரெடிட்டை மாற்றுவதற்கான ஐடிசி-02 படிவம் போட வேண்டும், அதற்கு ஆடிட்டர் சான்று உண்டு. அதைப் புதுப் பதிவில் ஏற்றுக்கொண்ட பிறகுதான் பழையதை ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டார் என்றதும் முதலில் ரத்து செய்யச் சொல்லிப் பலர் அவசரப்படுத்தினார்கள். அப்படிச் செய்தால் கிரெடிட்டை மாற்ற வழியில்லாமல் போய்விடும். கிரெடிட் வருவதுபோல் பழைய வரிப் பாக்கியும் தொழிலைத் தொடரும் வாரிசின் தலைக்கு வரும், அதையும் எண்ணிப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஓடிபி அப்பாவின் போனுக்குத்தான் வரும். தயவுசெய்து அந்த சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். சிம் போய்விட்டால் ஜிஎஸ்டி அதிகாரியிடம் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொடுத்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதற்குத் தனியாக அலைய வேண்டும்.

வங்கியில் அப்பா நாமினியாக அம்மாவைப் போட்டிருந்ததால் கரண்ட் அக்கவுண்டில் இருந்த பணம் தடையில்லாமல் கிடைத்தது. கூலி நிற்காமல் ஓடியது அந்தப் பணத்தால்தான். சிமென்ட் கடைக்காரர் பழைய கடனைக் கேட்காமல், "நீ வேலையை முடிம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கணக்கில் மாறிய இன்னொன்று டிடிஎஸ், அதாவது பணம் தருபவர் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வருமான வரி. அப்பா தனிநபர் என்பதால் 1 சதவீதம் பிடிப்பார்கள், ஃபர்முக்கு 2. விலைப்புள்ளி போடும்போது கைக்கு வரும் ரொக்கத்தில் இது தெரியும்.

காகிதம் ஒருபக்கம் நடக்க, சைட்டில் தண்ணீரோடு போட்டி. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. கல்லணை தாண்டி வாய்க்கால்களில் தண்ணீர் ஏறிவிட்டால் வயலோரத்து மனைகளில் கடைக்கால் (அஸ்திவாரம்) குழியில் ஊற்றுப் பிடித்துவிடும். அதற்குள் கடைக்கால் வேலை முடிய வேண்டும் என்பது அப்பாவின் விதி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் களிமண், கோடையில் வெடித்து மழையில் உப்புவது. அங்கே அண்டர் ரீம்டு பைல், அதாவது அடிப்பக்கம் குமிழ்போல அகன்ற கான்கிரீட் தூண், மண்ணுக்குள் போடாமல் அவர் வேலையைத் தொட்டதில்லை. பைல் ஆழத்தை மூன்றரை மீட்டருக்கும் கீழே குறைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் கேட்டபோது நானும் மாட்டேன் என்றேன்.

முத்துப்பேட்டை அருகே ஒரு வீட்டில் பெரிய வாக்குவாதமே வந்தது. அந்த மனையின் போர்த் தண்ணீர் உப்பு. டேங்கர் செலவு வீண் என்றார் வீட்டுக்காரர், "உங்க அப்பா இருந்தா இப்படிச் செலவு வைக்க மாட்டாரு" என்றும் சொன்னார். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 விதிப்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முடிவு அதற்கு மேல் வெகுதூரம் இருந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து நாளைக்கு மேல்தளம் பெயர்ந்து விழும் என்று தாளைக் காட்டிச் சொன்னேன். டேங்கர் வந்தது. அன்றிலிருந்து மேஸ்திரி மாமா ஆட்களிடம், "பாப்பாகிட்ட கேட்டுட்டு ஊத்துங்க" என்கிறார். என்னைச் சின்ன வயதில் சைக்கிளில் ஏற்றிச் சென்றவர் அவர்.

என் மனதுக்கு நெருக்கமான வேலை ஒன்று இருக்கிறது. எங்கள் சைட்டில் இருபது வருடமாகக் கலவை சுமக்கும் சித்தாள் அக்காக்கள், சுவர் எங்கே நேராக இல்லாமல் தூக்கு விட்டிருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்வார்கள். ஆனால் கலவை பூசும் கரணையை யாரும் அவர்கள் கையில் கொடுத்ததில்லை. காம்பவுண்டுச் சுவரில் தொடங்கி இரண்டு பேருக்குக் கட்டுவேலை பழக்குகிறோம். கொத்தனார்களில் சிலர் முகம் சுளித்தார்கள், ஒருவர் வேறு இடம் போய்விட்டார். கட்டும் நாளில் அவர்களுக்குக் கொத்தனார் கூலிதான், இதில் நான் பேரம் பேசவே மாட்டேன். எல்லா ஆட்களுக்கும் பணிச்சான்று கொடுத்துக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிய வைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளின் படிப்புக்கும் விபத்துக்கும் அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியத்துக்கும் அந்தப் பதிவுதான் வழி.

அரசு வேலைக்கான ஒப்பந்ததாரர் பதிவு மட்டும் அப்பாவிடமிருந்து வரவில்லை. ஃபர்ம் பெயரில் புதிதாக, கீழ் வகுப்பிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். சொத்து மதிப்புச் சான்று, டெண்டர் போட டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் எடுத்தாகிவிட்டது. ஒரு பள்ளியின் சுற்றுச்சுவரும் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு சிறு பாலமும் இப்போது நடக்கின்றன. இரண்டும் முடிந்து பணி நிறைவுச் சான்று வந்ததும் அடுத்த வகுப்புக்கு விண்ணப்பிக்கிறோம்.