ஆகப் பெரிய கோப்பு

“இடம் இல்லை, இடம் இல்லைன்னு ரெண்டு மாசமா காட்டிக்கிட்டே இருந்துச்சு தம்பி. அதான் இருக்கிறதுலயே ஆகப் பழசா, ஆகப் பெருசா இருந்ததை அழிச்சிட்டேன். புதுசெல்லாம் பத்திரமா இருக்கு” என்றார் டீச்சர்.

சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில், அவருடைய வீவக அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் என் மடிக்கணினி, அதில் செருகிய, அவருடைய கணினியின் பேக்கப் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க். திரையில் பதினொரு கோப்புகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஜிபி. தேதிவாரியாக வரிசை கட்டி நின்றன. அந்த வரிசைக்குத் தலையாக இருந்திருக்க வேண்டிய 140 ஜிபி கோப்பு மட்டும் இல்லை. பார்த்த கணமே எனக்கு விளங்கிவிட்டது. டீச்சர் சமையலறைக்குப் போய்த் தேநீர் கொண்டுவந்து வைக்கும்வரை, அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிஸ்க் இமேஜ் எடுக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் முதல் தடவை டிஸ்க் முழுவதையும் சுருக்கி ஒரே கோப்பாக வைக்கும். விண்டோஸ், நாம் நிறுவிய நிரல்கள், நம் கோப்புகள், கணினி கிளம்புவதற்கு வேண்டிய, டிஸ்கின் சிறு பகுதிகள் எல்லாம் அதில் அடக்கம். அடுத்தடுத்த தடவைகளில், முந்தையதற்குப் பிறகு மாறியதை மட்டும் எடுக்கும். இன்கிரிமென்டல் என்பார்கள். கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் தொடக்க இருப்பு, அப்புறம் நாள்வாரியாக வரவு செலவு இருப்பது போல. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டால் மீதிப் பக்கங்களில் உள்ள எந்த எண்ணும் பொய்யாகிவிடாது. ஆனால் கையிருப்பு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. டீச்சர் கிழித்தது அந்தப் பக்கத்தை. அலமாரி நிறைந்தால் ஆகப் பழையதைத்தானே முதலில் கழிப்போம்? ஒழுங்கான மனிதர் எவரும் அதைத்தான் செய்திருப்பார்.

டீச்சரின் கணினிக்குள் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக இருந்த, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி முந்தின நாள் இரவுவரை வேலை செய்திருக்கிறது. காலையில், விண்டோஸுக்கு முன்பே கணினியின் பாகங்களைக் காட்டும் பயாஸ் திரையில் அதன் பெயரே வரவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் போவதற்கு முன் பெரும்பாலும் டக் டக் என்று சத்தம் போடும், கோப்பு திறக்கத் தாமதமாகும், நமக்கு ஒன்றிரண்டு நாளாவது கிடைக்கும். எஸ்எஸ்டி பல நேரம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

அதில் இருந்தவை, அவர் பள்ளியில் பாடம் நடத்திய காலத்திலிருந்து சேர்த்துவந்த தமிழ்ப் பயிற்சித் தாள்கள். அப்புறம், மறைந்த கணவர் இலக்கியக் கூட்டங்களில் பேசியதன் ஒலிப்பதிவுகள், நாற்பதுக்கு மேல்.

அந்த மென்பொருளை அவருக்குப் போட்டுக் கொடுத்தது நான். “இனிமே நீங்க எதையும் தொட வேண்டாம் டீச்சர், அதுவே பாத்துக்கும்” என்று சொன்னதும் நான். எத்தனை இமேஜ் வைத்துக்கொள்வது, பழையதை எப்போது ஒன்றுசேர்த்துக் கழிப்பது என்ற விதிகள் ஏதோ ஓர் உள்பக்கத்தில் இருந்தன. அதை நான் திறக்கவே இல்லை. டிஸ்க் நிறைந்ததும் அது ஒரு சின்னச் சன்னலைக் காட்டி இடம் ஏற்படுத்தச் சொல்லியிருக்கிறது. எதை அழிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. தலைக் கோப்பு போன பிறகு அடுத்த வார பேக்கப் தோல்வியடைந்திருக்கிறது. அந்தச் சிவப்புக் குறி மென்பொருளுக்குள்ளேயே போய்ப் பார்த்தால்தான் தெரியும். டீச்சர் ஏன் போய்ப் பார்க்கப்போகிறார்? தொட வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேனே.

காலியான இடத்தில் பேரப்பிள்ளைகளின் விடுமுறைக் காணொளிகளை ஏற்றியிருந்தார். அழித்த கோப்பை மீட்க இரண்டு இரவு உட்கார்ந்தேன். துண்டுதுண்டாகத்தான் கிடைத்தது. நடுவில் ஓட்டை விழுந்த இமேஜை அந்த மென்பொருள் திறக்க மறுத்தது. எஸ்எஸ்டியைக் கொண்டுபோய்க் கொடுத்த இடத்திலும் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் மின்னஞ்சலில் இருந்து கொஞ்சம் பயிற்சித் தாள்களும், கணவரின் நண்பர் ஒருவருடைய கைப்பேசியிலிருந்து மூன்று ஒலிப்பதிவுகளும் கிடைத்தன.

அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் வேலைக்கு நான் வந்தது 2008ல். அப்போது எங்களுக்கு எல்லாம் கோஸ்ட்தான். நியூசிலாந்தில் உருவாகி, 1998ல் சைமன்டெக் வாங்கிய மென்பொருள். ஒரு கணினியைத் தயார்செய்து இமேஜ் எடுத்து, வலையமைப்பு வழியாக முப்பது கணினிகளுக்கு ஒரே நேரத்தில் இறக்குவோம். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் ஜோகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டார்சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து வந்த ஒரு மூத்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். அவருடைய இழுப்பறையில் ‘சோதனை’ என்று மார்க்கரில் எழுதிய ஒரு டிஸ்க் இருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் ஏதாவது ஓர் இமேஜை எடுத்து அந்த டிஸ்கில் இறக்குவார். அதைக் கணினியில் மாட்டிக் கிளப்புவார். ஒரு வேர்ட் கோப்பைத் திறந்து ஒரு பக்கம் அச்சடிப்பார். அந்தத் தாளின் மூலையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்ப்பார்.

“இமேஜ் எடுத்தியான்னு இங்க யாரும் கேக்க மாட்டாங்கடா. கம்ப்யூட்டர் எப்ப திரும்ப வரும்னுதான் கேப்பாங்க” என்பார்.

அலுவலகத்தில் இத்தனை வருடமும் அந்த வெள்ளிக்கிழமைப் பழக்கத்தை நான் விட்டதில்லை. டீச்சர் வீட்டிலோ, மின்விசிறி மாட்டுவதைப் போல மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். நண்பர்கள், உறவினர்கள் என்று இன்னும் ஒன்பது வீடுகளில் அதே வேலையைச் செய்திருந்தேன் என்பது அன்று இரவு படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எந்த மென்பொருளை நம்பலாம் என்று சோதிக்க அதற்கடுத்த ஐந்து சனி ஞாயிறுகளை ஒதுக்கினேன். வீட்டில் இருந்த மடிக்கணினி ஒன்று, அதற்கு ஓர் உபரி எஸ்எஸ்டி. ஒவ்வொரு மென்பொருளிலும் இமேஜ் எடுப்பேன். டிஸ்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு உபரியை மாட்டுவேன். விண்டோஸ் இல்லாமலே கணினியைக் கிளப்ப மென்பொருளே செய்து தரும் மீட்பு யூஎஸ்பியில் கிளப்பி இமேஜை இறக்குவேன். நல்ல டிஸ்கின் மேலேயே இறக்கிச் சோதிப்பது தற்கொலைக்குச் சமம், தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

இமேஜ் எடுப்பதில் எல்லாமே கெட்டிதான். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்கின் ஒரு கணத்தை உறையவைத்துக் காட்டும் ஷேடோ காப்பி வசதியை மைக்ரோசாஃப்டே கொடுத்திருக்கிறது. பெரும்பாலான மென்பொருள்கள் அதன்மேல்தான் நிற்கின்றன. வித்தியாசம் தெரிவது இறக்கும்போது. ஒன்றின் மீட்பு யூஎஸ்பி அழகாகக் கிளம்பியது. எந்த டிஸ்கில் இறக்க வேண்டும் என்று கேட்டது. பட்டியலில் அந்த யூஎஸ்பி மட்டும் நின்றது. உள்ளே இருந்த எஸ்எஸ்டியைக் காணோம். இன்டெலின் 11ஆம் தலைமுறைச் சில்லுகளிலிருந்து பல மடிக்கணினிகளில் விஎம்டி என்றோர் அமைப்பு இயங்குகிறது. அதனோடு பேசும் சிறு நிரலான டிரைவர் மீட்பு யூஎஸ்பியில் இல்லாவிட்டால் எஸ்எஸ்டி கண்ணில் படாது. எனக்கு அது தெரியும், டிரைவரைத் தேடி ஏற்றிவிடுவேன். கணினி செத்துக் கிடக்கும் நாளில் ஒரு குடும்பம் அதை எங்கே போய்த் தேடும்? இன்னொன்று, வேறு கணினியில் இறக்க வேண்டுமானால் கட்டணப் பதிப்பு வாங்கு என்று அந்த நேரத்தில் கேட்டது. இரண்டையும் அன்றே விலக்கினேன்.

அதனால் யாராவது என்னிடம் எது நல்லது என்று கேட்டால், நான் முதலில் பார்க்கச் சொல்வது மீட்பு யூஎஸ்பியை. அந்தக் கணினியின் டிரைவர்களைத் தானே எடுத்து அதில் வைக்கிறதா? கிளப்பினால் உள் டிஸ்க், வெளி டிஸ்க் இரண்டும் பட்டியலில் தெரிகின்றனவா? ஒன்றையும் இறக்க வேண்டியதில்லை, பட்டியலைப் பார்த்துவிட்டு வெளியேறினாலே பாதி பயம் போய்விடும். 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததையொட்டி எனக்குத் தெரிந்த பலர் புதுக் கணினி வாங்கினார்கள். அவர்களில் பாதிப் பேர் பழைய கணினிக்குச் செய்த மீட்பு யூஎஸ்பியையே இன்னும் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

மென்பொருளின் ஆயுளையும் பார்க்க வேண்டும். வீட்டுப் பயனாளர்கள் நம்பியிருந்த நார்ட்டன் கோஸ்ட் 2013ல் நின்றது. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் சிஸ்டம் இமேஜ் வசதியை, இனி வளர்க்கப்போவதில்லை என்ற பட்டியலில் மைக்ரோசாஃப்ட் 2017ல் சேர்த்துவிட்டது. கண்ட்ரோல் பேனலில் இன்னும் இருக்கிறது, ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு அதை நான் சொல்வதில்லை. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற இமேஜ் மென்பொருளின் இலவசப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜனவரி 1உடன் முடிந்தன. ஒவ்வொன்றின் இமேஜும் அதனதன் சொந்த வடிவத்தில் இருப்பதால், மென்பொருள் போனால் சாவி போன பூட்டு மாதிரிதான். நிறுவுகோப்பையும் மீட்பு யூஎஸ்பியின் பிரதியையும் இமேஜ் இருக்கும் டிஸ்கிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துவிடுகிறேன்.

காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்கு இப்போது வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பைப் போட்டுக் கொடுக்கிறேன். நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்பவர்களுடையது என்பதால் முகப்பு கொஞ்சம் வறட்சியாக இருக்கும். ஆனால் மீட்பு யூஎஸ்பி செய்யும்போது கணினியின் டிரைவர்களைத் தானே சேர்த்துக்கொள்கிறது. நாள் கடந்த பகுதிகளை முதல் கோப்போடு தானே இணைத்துக் கழிக்கிறது. தைவானிலிருந்து வரும் குளோன்சில்லா முழு இலவசம், நிரல்வரிகளை யாரும் பார்க்கக்கூடிய திறந்த மூலம். அதன் இமேஜ்களை இருபது வருடம் கழித்தும் யாராவது திறந்துவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. ஆனால் விண்டோஸை நிறுத்திவிட்டு, யூஎஸ்பியிலிருந்து கிளப்பித்தான் எடுக்க வேண்டும், அதிலிருந்து ஒரு கோப்பை மட்டும் உருவுவது சிரமம், இறக்கும் டிஸ்க் சிறியதாக இருந்தால் முரண்டு பிடிக்கும். என் சொந்தக் கணினிக்கு வருடம் இருமுறை அதில் எடுக்கிறேன். டீச்சருக்குத் தர மாட்டேன். அக்ரோனிஸ் 2003ல் சிங்கப்பூரிலேயே தொடங்கப்பட்ட நிறுவனம். வேகமானது, எளிது. வைரஸ் தடுப்பையும் அதற்குள்ளேயே சேர்த்துவிட்டதுதான் எனக்கு ஒப்பவில்லை. பேக்கப் மென்பொருள் பேக்கப் மட்டும் செய்தால் போதும் என்று நினைப்பவன் நான்.

டீச்சருக்கு மேக்ரியத்தின் கட்டணப் பதிப்பை என் செலவில் போட்டேன். 2024ல் வந்த ரிஃப்ளெக்ட் எக்ஸ் சந்தா முறையில் அறிமுகமானது பலருக்குக் கசப்புதான், எனக்கும்தான். ஆனாலும் அதில் இமேஜ் கார்டியன் என்ற காவல் இருக்கிறது. இமேஜ் கோப்பை வேறு எந்த நிரலும் மாற்றவோ அழிக்கவோ முயன்றால் விடாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்களுக்காகச் செய்தது. டீச்சர் எதிரில் ஆகப் பெரிய கோப்பைத் தேர்ந்தெடுத்து டிலீட் விசையை அழுத்திக் காட்டினேன். அனுமதி இல்லை என்று வந்தது. “இன்னொரு தடவை அமுக்குங்க” என்றார். அமுக்கினேன். மறுபடியும் அதுவே வந்தது. அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

இந்தத் தடவை மற்றதையும் சேர்த்தே செய்தேன். நூறு வெள்ளிக்கு முன்பின் விலையில் இரண்டு வெளி டிஸ்க். ஒன்று அவரிடம், பேக்கப் முடிந்ததும் கழற்றி அலமாரியில். இன்னொன்று பொங்கோலில் மகள் வீட்டில், இரண்டும் மாதம் ஒருமுறை இடம் மாறும். புதுக் கணினியில், விண்டோஸ் தன் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தது. விண்டோஸ் ஓடும்போது எடுக்கும் இமேஜுக்குள் அந்தப் பூட்டு வராது, அதனால் இமேஜுக்குத் தனியாகக் கடவுச்சொல் வைத்தேன். பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சடித்துக் கொடுத்தேன். சாமி அலமாரிக்குக் கீழே, வீட்டுப் பத்திரம் இருக்கும் இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு சின்ன வேலையும் கொடுத்தேன். மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை இமேஜை ஒரு டிரைவாகத் திறந்து, உள்ளே ஏதாவது ஒரு கோப்பு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நோட்டில் தேதி எழுத வேண்டும். முழு இமேஜையும் சரிபார்க்கும் வேலையை மென்பொருளே செய்துவிடும்படி வைத்திருக்கிறேன், ஆனாலும் அவர் கையால் ஒன்று திறக்கட்டும் என்று நினைத்தேன்.

போன மாதம் போயிருந்தபோது அந்த நோட்டைக் காட்டினார். பாடக்குறிப்பு எழுதிய அதே அழகான கையெழுத்து. தேதி, திறந்த கோப்பின் பெயர், எதிரே ‘சரி’. ஏழு மாதமும் ஒரே கோப்பு. நண்பரின் கைப்பேசியிலிருந்து கிடைத்த மூன்று ஒலிப்பதிவுகளில் ஆக நீளமானது.

ஒவ்வொரு மாதமும் வேறு வேறு கோப்பைத் திறந்து பார்ப்பதுதான் சோதனை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். “முழுசா கேட்டுட்டுத்தான் தம்பி சரின்னு போடுவேன்” என்றார். நான் நோட்டை மூடி அவரிடமே கொடுத்துவிட்டேன்.