ஊட்டியில் 4,000 வருடம்: என்னைத் தோற்கடித்த ஒரு கணக்கும் பிஎச்.டி. இன்டர்வியூவும்

போன வாரம் ரிசல்ட் வந்தது. காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து பூமிக்கு வரும் அதிக ஆற்றல் துகள்கள்) ஆராய்ச்சிக்கு, பிஎச்.டி.க்கு இடம் கிடைத்துவிட்டது. போன வருடம் இதே நேரத்தில் வேறொரு நிறுவனத்தின் இன்டர்வியூவில் தோற்றுவிட்டு, ஒரு மாதம் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசாமல் இருந்தேன். இரண்டும் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எழுத்துத் தேர்வைப் பற்றி நீட்டப் போவதில்லை. ஜெஸ்ட், ஜிஎஸ் என்ற பிஎச்.டி. நுழைவுத் தேர்வுகளை எழுதுகிறவர்களுக்குப் பாடத்திட்டமும் தெரியும், நெகட்டிவ் மார்க்கும் தெரியும். பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போட்டேன், தெரியாததைத் தொடாமல் விட்டேன். என்னைக் கவிழ்த்ததும் சரி, கரை சேர்த்ததும் சரி, இன்டர்வியூதான்.

போன வருடம் நடந்தது இது. எதில் ஆர்வம் என்று கேட்டார்கள். அஸ்ட்ரோ பார்ட்டிகல், அதாவது விண்வெளியிலிருந்து வரும் துகள்களைப் பற்றிய இயற்பியல் என்றேன். சொல்லுங்கள் என்றதும் ஒப்பிக்க ஆரம்பித்தேன். ஊட்டியில் காஸ்மிக் கதிரைப் பதிவு செய்யும் கிரேப்ஸ்-3, இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்துவது, 400 டிடெக்டர், 25,000 சதுர மீட்டர். தென்துருவத்தில் நியூட்ரினோ என்ற, எதிலும் அரிதாகவே மோதும் துகளைப் பிடிக்கும் ஐஸ்கியூப், ஒரு கன கிலோமீட்டர் பனி. அர்ஜென்டினாவில் இன்னொரு காஸ்மிக் கதிர் அமைப்பான பியர் ஓஜே, 3,000 சதுர கிலோமீட்டர். எல்லாமே சரியான எண்கள். பேனலில் ஒருவர் கேட்டார்: “ஊட்டியிலேயே 400 டிடெக்டர் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இத்தனை நாடுகள் சேர்ந்து அர்ஜென்டினாவில் 3,000 சதுர கிலோமீட்டரை வளைக்க வேண்டும்?” அதிக ஆற்றல் துகள்களுக்காக என்றேன். “எவ்வளவு அதிகம்? வருடத்துக்கு எத்தனை?” சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன். போர்டில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

திரும்பும் ரயிலில் ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். மூன்று வரிக் கணக்கு. 5×10¹⁹ எலக்ட்ரான் வோல்ட்டை (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) தாண்டிய துகள், ஒரு சதுர கிலோமீட்டருக்கு நூறு வருடத்தில் ஏறக்குறைய ஒன்று வரும். ஊட்டி அமைப்பின் பரப்பு 0.025 சதுர கிலோமீட்டர். அங்கே ஒன்றைப் பிடிக்க 4,000 வருடம் காத்திருக்க வேண்டும். 3,000 சதுர கிலோமீட்டரில் வருடத்துக்கு 30 கிடைக்கும். ஆற்றல் 3×10¹⁵ பக்கம் இறங்கினால் கதை வேறு. அதற்கு மேற்பட்ட துகள்கள் சதுர மீட்டருக்கு வருடத்துக்கு ஒன்று வரும். ஊட்டியில் நாளுக்கு 70. அங்கே ஊட்டிதான் சரியான இடம். ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு டிடெக்டர் வைத்திருக்கும் ஓஜே அமைப்புக்கு, அந்த ஆற்றலில் ஒரு துகள் காற்றில் மோதி உண்டாக்கும் சின்னத் துகள் பொழிவு கண்ணிலேயே படாது.

இது அன்று தெரியாததால் எனக்கு ஒரு வருடம் போனது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள். அது ஏன் அந்த எண் என்று உங்கள் கையால் கணக்குப் போடுங்கள்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். பக்கத்துக்கு ஒரு எண். காலை ஐந்து மணிக்கு எழுந்து தனியாக உட்கார்ந்து பென்சிலில் போடுவேன். நண்பர்கள் சேர்ந்து படித்தார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை, உங்களுக்கும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். நான் போட்ட பக்கங்களில் சில:

- ஊட்டியில் டிடெக்டர்களுக்கு இடையே ஏன் 8 மீட்டர்? ஒரு ரூபாய் நாணயங்களை அறுகோணமாக மேசையில் அடுக்கி, ஒன்றின் பங்குக்கு 55 சதுர மீட்டர் என்று கண்டுபிடித்தேன். 400ஆல் பெருக்கினால் 22,000 வந்துவிடுகிறது.
- பொழிவு 30 டிகிரி சாய்ந்து வந்தால் அடுத்தடுத்த டிடெக்டர்களுக்கு எவ்வளவு நேர வித்தியாசம்? 4 மீட்டர் பாதை, 13 நானோ நொடி. திசையைச் சொல்வது இந்த 13தான்.
- மியூவானின் (பல கிலோமீட்டர் உயரத்தில் பொழிவில் பிறக்கும், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் கனமான துகள்) ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளி வேகத்தில் ஓடினாலும் 660 மீட்டர்தான் போகும். பிறகு எப்படித் தரைக்கு வருகிறது? (சார்பியல், ஆனால் எண்களோடு போடுங்கள்.)

இந்த வருட இன்டர்வியூவில் இதே வழியில்தான் பிழைத்தேன். கிரேப்ஸ்-3இன் மியூவான் தொலைநோக்கி 560 சதுர மீட்டர், ஒரு நாளைக்கு எத்தனை மியூவான் என்றார்கள். கடல் மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துப் பெருக்கினேன். 800 கோடி வந்தது. “உண்மையில் 400 கோடிதான் பதிவாகிறது. பாதி எங்கே போயிற்று?” இந்தத் தடவை பயம் வரவில்லை. மேலே 2 மீட்டருக்கு மேல் கான்கிரீட் இருக்கிறது, சுமார் 1 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே உள்ளதெல்லாம் அங்கேயே நின்றுவிடும் என்று வரைந்து காட்டினேன். உடனே இடிமழைக்குத் தாவினார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டியில் 18 நிமிடம் மியூவான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் இறங்கியது. அதை வைத்து மேகத்தில் 130 கோடி வோல்ட் என்று கிரேப்ஸ்-3 குழு கணக்கிட்டது. பாசிட்டிவ் மியூவானும் நெகட்டிவ் மியூவானும் சம அளவில் இருந்தால் இது தெரியுமா என்று கேட்டார்கள். மேகத்தின் மின்னழுத்தத்தால் ஒரு வகை குறையும், மற்ற வகை அதிகரிக்கும், பெரும்பாலும் சமமாகிப் போகும் என்றேன். பாசிட்டிவ் மியூவான் அதிகம் இருப்பதால்தான் மேகத்தின் மின்னழுத்தம் நம் கண்ணுக்குப் படுகிறது. இதைச் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

கடைசிக் கேள்வி பல நாடுகள் சேர்ந்து ஒரு பரிசோதனையை நடத்தும் கூட்டமைப்பு பற்றியே. ஏன் சேர்ந்து செய்கிறார்கள், பணத்துக்காகவா? பணமும்தான் என்றேன். பிறகு 2017 செப்டம்பர் 22ஐச் சொன்னேன். ஐஸ்கியூப் ஒரு நியூட்ரினோவைப் பிடித்து 43 நொடியில் உலகத்துக்கே எச்சரிக்கை அனுப்பியது. வந்த திசை தெரிந்தது, எதிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. அந்தத் திசையில் ஒரு பிளேசார் (நம்மை நோக்கிப் பீய்ச்சும், கருந்துளையை மையத்தில் கொண்ட தொலைதூர விண்மீன் மண்டலம்) காமா கதிரில் பொங்கிக்கொண்டிருந்ததை ஃபெர்மி விண்கலமும் லா பால்மாவில் உள்ள மேஜிக் தொலைநோக்கியும் பார்த்துச் சொல்லாவிட்டால் அது வெறும் ஒரு கோடாகவே நின்றிருக்கும். அப்புறம் நம் பக்கத்துக் கதையையும் சேர்த்தேன்: 1965இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டதும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் என்று மூன்று இடத்து ஆட்கள் சேர்ந்துதான்.

போகிறவர்களுக்குச் சில:

- பத்து பரிசோதனைகளின் பெயர் வேண்டாம். ஒன்றை எடுத்து அடி வரை போங்கள்.
- போர்டில் முதல் நிமிடத்திலேயே ஏதாவது எழுதுங்கள்.
- தெரியாவிட்டால் “மதிப்பிட்டுப் பார்க்கட்டுமா?” என்று கேளுங்கள். என்னை யாரும் தடுக்கவில்லை.
- ஓஜே, ஐஸ்கியூப் இரண்டும் தரவின் ஒரு பகுதியைப் பொதுவில் வைத்திருக்கின்றன. ஒரு வரைபடமாவது நீங்களே போட்டுப் பாருங்கள்.

நோட்டில் ஒரு பக்கம் இன்னும் விடையில்லாமல் இருக்கிறது. 2024இல் கிரேப்ஸ்-3 குழு, புரோட்டான்களின் ஆற்றல் வரைபடத்தில் 166 டெரா எலக்ட்ரான் வோல்ட் பக்கம் சரிவு தணிவதைக் கண்டது. ஒரே சரிவில் இறங்கும் என்று நினைத்த இடம் அது. அந்த 166 ஏன் என்பதற்குக் கையால் ஒரு கணக்குப் போட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், சேருவதற்கு முன்னால் பார்த்துவிட ஆசை.