அட்டையில் பாக்கி 18 சாப்பாடு

திருச்சியில் பத்து வருடமாக மெஸ் நடத்துகிறேன். மாமனார் ஆரம்பித்தது, அவர் காலத்துக்குப் பிறகு என் பொறுப்புக்கு வந்தது. கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், அவர் மாட்டிய தகரப் பலகை ஒன்று உண்டு: ‘அனுமதி மறுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு.’ அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் நின்று யோசித்ததே இல்லை. சாப்பாடு தர மறுத்துவிட்டேன் என்று ஒரு வாடிக்கையாளர் புகார் போட்டு, நுகர்வோர் ஆணையத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் யோசித்தேன். பெண்களை வேலைக்கு வைத்துக் கடை நடத்துபவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் மாதச் சாப்பாட்டு அட்டை உண்டு. 30 சாப்பாடு, ஒன்றுக்கு 90 ரூபாய், முன்பணம். புகார் போட்ட அந்த ஆள் நாலைந்து மாதமாக அட்டை வாங்கிச் சாப்பிட்டவர். பரிமாறும் அக்காவிடம் அவர் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. இரண்டு தடவை தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை மதியம், ரசம் ஊற்றக் குனிந்த அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். வாளி சரிந்து ரசம் அக்கா காலில் கொட்டியது. கொதிக்கக் கொதிக்க இல்லை, அந்த மட்டுக்குத் தப்பித்தோம். அக்கா சத்தமே போடவில்லை. வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தால், சேலைக் கொசுவத்தைப் பிழிந்துகொண்டே நிற்கிறார். பிழிந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பிழிகிறார்.

வெளியே வந்து, “இனிமேல் இங்க உங்களுக்குச் சாப்பாடு இல்ல” என்று சொல்லிவிட்டேன். அட்டையில் பாக்கி 18 சாப்பாடு. 1,620 ரூபாயை அப்போதே ஜிபேயில் திருப்பி அனுப்பினேன். அன்று இரவு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேரம், நடந்தது, பார்த்தவர்கள் யார் என்று எழுதி வைத்தேன். இந்த இரண்டும்தான் பின்னால் என்னைக் காப்பாற்றின.

செய்யாமல் விட்டது கேமரா பதிவு. எங்கள் கருவியில் 15 நாளுக்கு மேல் நிற்காது, பழையதன் மேல் புதியது ஏறிவிடும். வக்கீல் நோட்டீஸ் வந்தது ஐந்து வாரம் கழித்து. அதற்குள் அந்தப் புதன்கிழமை போயே போய்விட்டது. காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீதாவது வாங்கியிருக்கலாம். “வேண்டாம்மா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கேன்” என்று அக்கா தடுத்துவிட்டார். அவர் முடிவை மீறி நான் போகவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

நோட்டீஸுக்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். முன்பணம் வாங்கிவிட்டுச் சேவையை நிறுத்தியது சேவைக் குறைபாடாம். மன உளைச்சலுக்கு 2 லட்சம் வேண்டுமாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்தாரருக்குக் கட்டணம் கிடையாது. அதனால் இப்படிப் புகார் போட ஒருவருக்குச் செலவே இல்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை ஒரு வாரம் கல்லாப் பெட்டிக்குள்ளேயே போட்டு வைத்திருந்தேன். வக்கீல் அம்மா சத்தம் போட்டார். பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள், கெஞ்சினால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. அதைத் தவறவிட்டால் நம் தரப்பை எழுத்தில் தாக்கல் செய்யவே வழியில்லை.

நான் தெம்பாகப் பலகையைப் பற்றிச் சொன்னேன். “அந்தப் பலகைக்குத் தனியா ஒரு சக்தியும் இல்லம்மா. யாரை மறுத்தீங்க, எதுக்காக மறுத்தீங்க, அதுதான் கேள்வி” என்றார். அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவை எடுத்துக் காட்டினார். மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இவற்றை வைத்துக் கடைக்குள்ளோ ஓட்டலுக்குள்ளோ ஒருவரை விடாமல் தடுக்கக் கூடாது. இதில் ‘கடை’ என்றால் என்ன என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கேட்டபோது, தேடி வருகிற எவருக்கும் சேவை தரத் தயாராக ஒருவர் இருக்கும் இடம் எல்லாமே கடைதான் என்று அம்பேத்கர் விளக்கினாராம். தீண்டாமையின் பேரில் பொருளோ சேவையோ தர மறுத்தால், பொதுப் பாத்திரத்தைப் புழங்க விடாமல் தடுத்தால், 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி சிறை. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம், திருநர்களுக்கு 2019 சட்டம்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு அம்மா பிறந்த ஊர் டீக்கடை ஞாபகத்துக்கு வந்தது. கண்ணாடி டம்ளர் ஒரு வரிசை. கூரையில் செருகிய கொட்டாங்குச்சி ஒரு வரிசை. சின்னப் பிள்ளையாக இரண்டையும் பார்த்திருக்கிறேன். அங்கேயும் யாராவது கேட்டிருந்தால் ‘எங்கள் கடை, எங்கள் உரிமை’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். என் பலகையும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறது என்று நினைத்தபோது மனசு கனத்துவிட்டது.

சரி, பிறப்பை வைத்து மறுக்கக் கூடாது. நடத்தையை வைத்து மறுக்கலாமா? அதற்கு வக்கீல் அம்மா காட்டியதுதான் எனக்குப் புதுசு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பிரிவு 19. பணியிடத்துக்கு வந்து போகிறவர்களிடமிருந்தும் வேலை செய்யும் பெண்ணுக்குப் பாதுகாப்புத் தருவது முதலாளியின் கடமை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் இப்படிப்பட்ட புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு அமைக்க வேண்டியதில்லை, ஆனால் இந்தக் கடமை உண்டு. அந்த ஆளுக்கு மறுநாளும் இலை போட்டிருந்தால்தான் நான் தவறு செய்தவளாகியிருப்பேன். பதிலுரையின் முதுகெலும்பே இதுதான்.

அந்த ஆள் நுகர்வோரே இல்லை என்று வாதாட முடியவில்லை, முன்பணம் கொடுத்தவர். பணம் வாங்காமல், எதுவும் பேசி முடிக்காமல், வாசலிலேயே மறுத்திருந்தால் அந்தக் கேள்வியை எழுப்பியிருக்கலாம். பாக்கியை அன்றே திருப்பியது நல்லதாயிற்று.

அக்கா பிரமாண வாக்குமூலம் தரத் தானாகவே முன்வந்தார். வக்கீல் அம்மா எழுதியதைப் படித்துக் காட்டினார்: ‘மணிக்கட்டைத் தொட்டார்.’ அக்கா கையை நீட்டித் தடுத்தார். “தொடலம்மா. பிடிச்சாரு, இழுத்தாரு. அப்படியே எழுதுங்க.” அடித்துத் திருத்தி, மறுபடி அச்செடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

வாய்தா வாய்தாவாகப் பதினோரு மாதம். ஏழு தடவை அலைந்தேன். மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். கடைசியில் புகார் தள்ளுபடி. பணம் திருப்பப்பட்டுவிட்டது, மறுத்ததற்குத் தக்க காரணம் இருக்கிறது, சேவைக் குறைபாடு இல்லை என்று உத்தரவு. செலவுத்தொகை எதுவும் கிடைக்கவில்லை.

இப்போது கடையில் ஏதாவது சின்னத் தகராறு என்றாலும் அன்றிரவே பதிவைப் பென்டிரைவில் எடுத்துவிடுகிறேன். தகரப் பலகையைக் கழற்றிவிட்டேன். ‘இங்கே வேலை செய்பவர்களிடம் தகாத முறையில் நடப்பவர்களுக்கு உணவு பரிமாற மாட்டோம்’ என்று புதிதாக எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி கை கழுவும் இடத்தில் மாட்டியிருக்கிறேன். மாமனார் கையால் மாட்டியதாயிற்றே என்று வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கல்லாவுக்கு மேலே அந்த இடம் மட்டும் புகை படியாமல் பளிச்சென்று தெரிகிறது. பொங்கலுக்கு மொத்தமாக வெள்ளையடிக்க வேண்டும்.