பாவாடை நாடா ஸ்பைடர்மேன்

"உங்க ஊருக்கெல்லாம் ஸ்பைடர்மேன் வந்தாரா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். தப்பான எண்ணத்தில் கேட்கவில்லை. வாசலில் மேஜை போட்டுப் பழைய சாமான்களை விற்கும் கேரேஜ் சேல் போட்டிருந்தார், கையில் 2002 படத்தின் சிடி. "வந்தாரே, தமிழ்கூடப் பேசினாரே" என்றேன். அவர் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். அங்கேதான் சுருக்கென்றது.

கிளீவ்லாந்துக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. பனி தள்ளத் தெரியும், படியில் உப்புப் போடத் தெரியும், மே மாதத்தில் ஸ்வெட்டரோடு நின்று "இன்னிக்கு நல்ல வெயில்" என்று சொல்லவும் தெரியும். பழகிவிட்டது என்றுதான் அம்மாவிடம் ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு மனிதர் ஐம்பதைத் தாண்டியவர், பேட்மேன் பைத்தியம். பேட்மேன் படம் வந்த 1989 கோடையில் எங்கே திரும்பினாலும் கறுப்புச் சட்டையும் மஞ்சள் வட்டத்துக்குள் வௌவாலும்தானாம். அந்தப் படத்துக்கு இரண்டு ஆல்பம்: ப்ரின்ஸ் பாடியது ஒன்று, டேனி எல்ஃப்மன் இசை ஒன்று. இரண்டுமே அவரிடம் இருந்தன. 1995 படத்துக்கு மெக்டொனால்ட்ஸில் விற்ற கண்ணாடிக் குவளைகள் நாலில் மூன்று இருந்தன. ராபின் குவளை கழுவும்போது உடைந்துவிட்டதை, துக்க வீட்டில் சொல்வதுபோல் சொன்னார். சூப்பர்மேனை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் இந்த ஊர்ப் பையன்கள்தான், 1938இல் வெறும் 130 டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று அதற்கும் வருத்தப்பட்டார். நல்ல மனிதர்தான்.

என் மேஜையில் வைக்க என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஆறாம் வகுப்பு முடிந்த கோடை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு தியேட்டரில், சித்தப்பா கூட்டிப்போய்க் காட்டிய படம். அடுத்த வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் போட்ட கடைகளில், பெருமாள் படத்துக்கும் பலூனுக்கும் நடுவில் ஸ்பைடர்மேன் முகமூடியாகத் தொங்கினார். பத்து ரூபாய். மெல்லிய பிளாஸ்டிக், மூக்கில் இரண்டு ஓட்டை, உள்ளே மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. வீட்டுக்கு வருவதற்குள் ரப்பர் பேண்ட் அறுந்துவிட்டது. அம்மா ஒரு பாவாடை நாடாவைக் கோத்துக் கட்டிக் கொடுத்தாள். நாடா நீளம் என்பதால் முதுகுவரை தொங்கியது. பாட்டி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அனுமார் வேஷமாடா?" என்றாள். வால் இருந்ததே, பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

பள்ளிக்கூடப் பை தெப்பக்குளம் பிளாட்பாரத்தில் வாங்கியது. அதில் ஸ்பைடர் என்ற எழுத்தில் ஐ வரவேண்டிய இடத்தில் ஒய் இருக்கும். முதல் மழையிலேயே சிலந்தியின் சிவப்பு முழுக்க என் வெள்ளைச் சட்டைக்கு வந்துவிட்டது. ஒரு வாரம் முதுகில் அடிபட்டவன் மாதிரி பள்ளிக்கூடம் போனேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் ராபின் குவளை இணையத்தில் இன்றைக்கும் கிடைக்கிறது. தேடிப் பார்த்தேன். ஒய் போட்ட பையைத் தேடினேன். அப்படி ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை. அதை யாரும் சேர்த்து வைக்கவில்லை, நானே வைக்கவில்லையே. கடைசியில் அது அரிசி மில்லுக்குப் போகும் பையாகி, பிறகு கால்மிதியாகி, அப்புறம் காணாமல் போனது.

ஒரு டாலர் கொடுத்து சிடியை வாங்கியிருந்தேன். ஸ்பைடர்மேனுக்கும் அதே எல்ஃப்மன்தான், அவருடைய பின்னணி இசை மட்டும் உள்ள சிடி. வீட்டில் சிடி போட ஒன்றும் இல்லை, என் பழைய கேம்ரியில்தான் உண்டு. வண்டியை எடுக்காமல் உள்ளே உட்கார்ந்து போட்டேன். டப்பிங்கில் பேச்சு மட்டும்தானே மாறும், இசை அதேதான். டைட்டில் இசை ஊர்ந்து கிளம்பி கோரஸ் சேர்ந்ததும் முன்வரிசை விசில் கேட்டது. ஒவ்வொரு இடத்துக்கும் எனக்கு வசனம் தமிழில்தான் வந்தது. பச்சை முகமூடிக்காரன் தமிழில்தான் சிரித்தான். ஆங்கிலத்தில் அந்தப் படத்தை நான் இன்னும் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு கூத்து. மூன்றாம் பாகத்தில் நியூயார்க் என்று நம்பி வாயைப் பிளந்து பார்த்த தெருவில் ஒரு பகுதி, இங்கே யூக்ளிட் அவென்யூ. 2006இல் வந்து எடுத்திருக்கிறார்கள். தினமும் அங்கேதான் பஸ்ஸுக்கு நிற்கிறேன். சித்தப்பா மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "நம்மள நல்லா ஏமாத்திட்டானுங்கடா" என்று பதில் வந்தது. நான் ஒரு நிமிடம் மேலே பார்த்தபடி நின்றேன். பஸ் போய்விட்டது.

காரிலேயே உட்கார்ந்திருந்தபோது கண்ணாடியை மகன் தட்டினான். ஏழு வயது, விளக்கு எரியும் ஸ்பைடர்மேன் ஷூ. அந்தப் படத்தில் ஸ்பைடர்மேனாக நடித்த டோபி மெக்வயர் அவனுக்கு "தாத்தா ஸ்பைடர்மேன்". என்ன பண்றீங்க என்றான். முகமூடிக் கதையைச் சொன்னேன்.

"நாடான்னா என்னப்பா?"

அவன் போட்டிருந்த டிராக் பேன்ட்டின் கயிற்றை இழுத்துக் காட்டினேன். அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இதையா மூஞ்சியில கட்டுனீங்க?"