பீட்டா செல்லின் நாக்கு

கொழுப்பு என்றாலே சர்க்கரை நோய்க்காரர்களான நாங்கள் பயப்படுவோம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களோ அதை ருசி பார்க்கின்றன! அவற்றின் மேற்பரப்பில் ஜிபிஆர்40 என்றொரு ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் மூலக்கூறை உணரும் புரதம், இருக்கிறது. நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலம் அதில் பொருந்தினால் செல்லுக்குள் கால்சியம் கூடி, இன்சுலின் சுரப்பு அதிகரிக்கிறது. ஜப்பானின் டகேடா நிறுவன ஆய்வாளர்கள் 2003இல் நேச்சர் இதழில் இதை வெளியிட்டார்கள்.

இதன் அழகே வேறு இடத்தில் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை உயர்ந்திருக்கும்போதுதான் இந்தத் தூண்டல் நன்றாகப் பலிக்கிறது. நான் விழுங்கும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு அந்த இங்கிதம் கிடையாது. சர்க்கரை இறங்கியிருந்தாலும் இன்சுலினைப் பிழிந்தெடுக்கும். மதியச் சாப்பாடு தள்ளிப்போன நாட்களில் கை நடுங்க, சட்டைப்பையில் மிட்டாய் தேடியவன் சொல்கிறேன்.

ஜிபிஆர்40ஐத் தூண்ட டகேடா உருவாக்கிய ஃபாசிகிளிஃபாம் என்ற மருந்து சர்க்கரையை நன்றாகவே குறைத்தது. ஆனால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு தெரியவே, 2013 டிசம்பரில் மூன்றாம் கட்டச் சோதனையோடு கைவிட்டார்கள். சரியான முடிவுதான். இருந்தாலும் மனம் ஆறவில்லை. பித்த உப்புகளைக் கல்லீரலிலிருந்து வெளியேற்றும் புரதத்தை அந்த மூலக்கூறு தடுக்கிறது என்று பின்னர் ஆய்வகச் சோதனைகள் காட்டின. குற்றவாளி அந்த மூலக்கூறுதான், ஏற்பி அல்ல என்பது என் கட்சி.